வேலூர்ப் பக்கம் வரப்பில் நிற்பது பனையா, ஈச்சையா, வேறு மரமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அணைக்கட்டுப் பக்கம் நிலம் வாங்கியிருக்கிறீர்கள், வரப்பிலும் ஓடைக்கரையிலும் பனை மாதிரி நிறைய மரங்களும் கன்றுகளும் நிற்கின்றன, எதை வைத்துக்கொள்வது எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன மரம் என்று தெரிகிற வரைக்கும் எதையும் வெட்டாதீர்கள், அதுதான் முதல் விஷயம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் எடுத்துக்கொள்கிற மரத்தைப் பொக்லைன் வைத்து ஒரு காலைப் பொழுதில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நான் குடியாத்தம் பக்கம். எங்கள் ஊரில் பெரியவர்கள் மரத்தின் உயரத்தையோ தலையின் வடிவத்தையோ பார்க்க மாட்டார்கள், மட்டையைத்தான் பார்ப்பார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக, கெட்டியாக, ரம்பப் பல் இருக்கும். அதுதான் கருக்கு, கையை வைத்து இழுத்தால் கிழித்துவிடும். ஓலை விசிறியாக விரியும். இளமரமாக இருந்தால் வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும், வயதான மரத்தில் அதெல்லாம் உதிர்ந்து தண்டு கருத்திருக்கும். ஆண் மரமா பெண் மரமா என்று பாளை வந்தால்தான் தெரியும், அதற்கு முன்னால் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். விரல் விரலாக நீண்ட பாளை விடுவது ஆண், நுங்கு காய்ப்பது பெண். நுங்கு தராது என்று ஆண் பனையை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பதநீர் இரண்டிலும் இறங்கும், அதோடு ஆண் மரம் இல்லாமல் பெண் மரத்தில் விதை பிடிக்காது.

அடுத்து ஈச்சை. ஓடைக்கரையிலும் ஏரிப் பக்கமும் நிற்பது பெரும்பாலும் இதுதான். ஓலை விசிறியாக இருக்காது, தென்னை மாதிரி நடுநரம்பின் இரண்டு பக்கமும் கீற்று கீற்றாக இருக்கும், அதனால் தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள் குட்டைத் தென்னை என்று நினைத்துவிடுகிறார்கள். கிட்டப் போய் மட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கே இருக்கிற கீற்றெல்லாம் நீளமான கூர்முள்ளாக மாறியிருக்கும். தென்னையில் முள்ளே கிடையாது, மட்டை தண்டோடு சேரும் இடத்தில் வலை மாதிரி நாராகப் பன்னாடைதான் இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. ஈச்சங்கீற்று மேல் பக்கமாக மடிந்திருக்கும், சொட்டுத் தண்ணீர் விட்டால் பள்ளத்தில் நிற்கும். தென்னங்கீற்று கீழ்ப் பக்கமாக மடிந்திருக்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். மலைச் சரிவுகளில் ஆள் உயரத்துக்குக்கூட வளராத சிற்றீச்சை இருக்கிறது, அதுவும் முள்ளும் மடிப்பும் இதே மாதிரிதான். ஈச்சை ஓலையில் துடைப்பமும் பாயும் செய்வார்கள், பழம் குழந்தைகளுக்கும் பறவைகளுக்கும் ஆகும், ஆகவே முள் இருக்கிறது என்பதற்காக அதையும் அழித்துவிடாதீர்கள்.

கன்றில்தான் உண்மையான சிரமம். பனை, ஈச்சை இரண்டுமே முதலில் ஒற்றை இலையாக, புல் மாதிரி முளைக்கும், களை என்று கொத்திவிடுவது அப்போதுதான் நடக்கிறது. பனங்கன்றின் இலை அகலமாக, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாகச் சொரசொரப்பாக இருக்கும். ஈச்சங்கன்றின் இலை ஒடுக்கமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள், பிறகு வரும் இலைகள் விசிறியாகத் திறந்தால் பனை, கீற்றாகப் பிரிந்தால் ஈச்சை. பிடுங்கி வேறு இடத்தில் நடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பனங்கொட்டை முளைத்ததும் முளை நேரே பூமிக்குள் இறங்கிக் கிழங்காகி, அப்புறம்தான் இலையை மேலே அனுப்பும், தோண்டினால் அந்தக் கிழங்கு அறுந்துவிடும். வேறு இடத்தில் வேண்டுமென்றால் புதுக் கொட்டையை அங்கேயே புதைத்துவிடுவது நல்லது.

பாக்கு மரம் நம் மண்ணில் தண்ணீர் நிறைய இருக்கிற தோப்பில்தான் பார்க்கலாம். ஒல்லியான தண்டு, உச்சியில் பச்சையாக வழவழப்பான உறை, அவ்வளவுதான். அதே பச்சை உறை, ஆனால் தண்டு பருத்து வெளுப்பாக இருந்தால் அது கல்லூரி வளாகங்களில் வரிசையாக நடுகிற ராயல் பாம், அழகுக்கு நடுவது. கூந்தல் பனை என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு கீற்றும் மீன் வாலாகக் கிழிந்திருக்கும், பூங்கொத்து கூந்தலாகத் தொங்கும். ஈரமான மலைக்காட்டு மரம் அது. உச்சியில் பூக்கத் தொடங்கிக் கீழே கீழே இறங்கி, கடைசிக் கொத்து பழுத்து முடிந்ததும் மரம் பட்டுப்போகும், நோய் என்று மருந்து அடிக்க வேண்டாம். பழத்தைக் கையால் நசுக்காதீர்கள், கடுமையாக அரிக்கும்.

நர்சரியில் பாம் என்று விற்கிற சைகஸ் பனை இனமே இல்லை, அதன் கொட்டையும் இலையும் நாய்க்கு விஷம், வீட்டில் நாய் இருந்தால் வாங்க வேண்டாம்.

படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். முழு மரத்தோடு, மட்டை தண்டில் சேரும் இடத்தையும் ஒரு கீற்றின் மடிப்பையும் கிட்ட இருந்து தனியாக எடுத்துப் போடுங்கள்.