வீட்ல காய்ச்சின பீர் கலங்கலா இருக்கு, கெட்டுப்போச்சா? கொட்டிடலாமா?

கொட்டாதீங்க. இந்தக் கேள்விய யார் கேட்டாலும் "இன்ஃபெக்ஷன், கொட்டிடுங்க"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போறவங்கள பாத்தா எனக்கு அவ்வளவு ஆத்திரம் வருது, மோந்து பாத்தீங்களான்னு கூட ஒருத்தரும் கேக்கறதில்ல.

ஃப்ரிட்ஜ்ல வச்சதுக்கப்புறம்தான் கலங்கியிருக்கும்னு நினைக்கிறேன். என்னோட பேல் ஏலும் (வெளிர் நிற பீர் வகை) அப்படித்தான். பாட்டில்ல அடைக்கும்போது நல்லா தெளிஞ்சிருந்தது, ஜில்லுனு எடுத்து கிளாஸ்ல ஊத்தினா அந்தப் பக்கம் இருக்கற விரல் தெரியல. பக்கத்துல இருந்த நண்பர் பல வருஷமா காய்ச்சறவரு, கெட்டுப்போச்சுன்னு தீர்ப்பே எழுதிட்டாரு. நான் ஒத்துக்கல. கெட்டுப்போனதுக்கான அடையாளம் எதுவும் இல்ல: புளிச்ச வாடை இல்ல, பாட்டில் கழுத்துல வளையம் கட்டல, மூடி திறந்தப்ப பொங்கவும் இல்ல. கிளாஸ மேசை மேல அப்படியே விட்டுட்டேன், குளிர் விட விட அவரு பாத்துட்டு இருக்கும்போதே தெளிஞ்சிடுச்சு.

அதுக்குப் பேரு சில் ஹேஸ். மால்ட்ல (முளைகட்டி காய வச்ச தானியம்) இருக்கற புரதமும், மால்ட் உமியிலயும் ஹாப்ஸ்லயும் (பீருக்கு கசப்பு தர்ற பூ) இருந்து வர்ற பாலிஃபீனாலும் (துவர்ப்புச் சத்து) குளிர்ல ஒட்டிக்கும், சூடு ஏறினா பிரிஞ்சிடும். ருசி கெடாது. பாட்டில ஃப்ரிட்ஜ்ல நிமிர்த்தி வச்சு ரெண்டு மூணு வாரம் தொடாம விடுங்க, பெரும்பாலும் அடியில படிஞ்சிடும், மண்டிய பாட்டில்லயே விட்டுட்டு ஊத்துங்க. அடுத்த தடவ மால்ட் சாற கொதிக்க வைக்கும்போது கடைசி 15 நிமிஷத்துல ஐரிஷ் மாஸ்ங்கற கடல்பாசி போடுங்க, கொதிச்சத சீக்கிரமா ஆற வைங்க, பாட்டில் அடைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் 1-2 டிகிரி செல்சியஸ்ல வைங்க. ஜெலட்டினும் நல்லா வேலை செய்யும், ஆனா அது மாட்டு, பன்னித் தோல் எலும்புலருந்து எடுக்கறது, சைவக்காரங்க தவிர்த்திடுங்க, சொல்லலன்னு யாரும் சண்டைக்கு வர வேணாம்.

அறைச் சூட்டுலயும் கலங்கலாவே இருந்தா பெரும்பாலும் ஈஸ்ட் இன்னும் படியல, இல்ல மாவுச்சத்து தங்கியிருக்கு. கொஞ்சமா தனியா எடுத்து ஒரு சொட்டு அயோடின் விடுங்க, கருநீலமா மாறினா மாவுச்சத்துதான் (அந்த சாம்பிள குடிக்காம கொட்டிடுங்க). அடுத்த தடவ மேஷ (மால்ட வெந்நீர்ல ஊற வைக்கறது) 65-68 டிகிரி செல்சியஸ்ல ஒரு மணி நேரம் வைங்க. கோதுமை, ஓட்ஸ் போட்ட பீர்னா கலங்கலா இருக்கறதுதான் அதோட லட்சணம், அத தெளிய வைக்கறேன்னு மெனக்கெடாதீங்க.

இன்னொண்ணு, ஃபெர்மென்டேஷன் (நொதிக்கறது) முடியறதுக்கு முன்னாடி அடைச்சா ஈஸ்ட் மிதந்துட்டேதான் இருக்கும், பாட்டில் வெடிக்கவும் செய்யும். ஹைட்ரோமீட்டர்ல (பீரோட அடர்த்திய அளக்கற கண்ணாடிக் கருவி) ரெண்டு மூணு நாள் ஒரே அளவு காட்டணும். அத மட்டும் இரவல் குடுத்துடாதீங்க. என்னோடத வாங்கிட்டுப் போனவரு உடைச்சிட்டு "கண்ணாடிதானே"ன்னு சொன்னாரு, புதுசும் வாங்கித் தரல, கேட்டா பேச்ச மாத்தறாரு, பொருளோட அருமை தெரியாதவங்க எதுக்கு கேட்டு வாங்கறாங்கன்னே புரியல.

மேஷ் சூடு எவ்வளவு வச்சீங்க, எந்த ஈஸ்ட் போட்டீங்கன்னு சொல்லுங்க, பாத்து சொல்றேன்.