கல்வெட்டு வைக்க முடியாத செலவுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

காவேரிப்பட்டினத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நல்ல நிலையில் ஒரு நிழற்குடை இருக்கும்போதே, இருபதடி தள்ளி இன்னொன்றைக் கட்டியிருக்கிறார்கள். பழையதில் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் பெயர், புதியதில் அவருக்குப் பின் வந்தவரின் பெயர். அரசுப் பணத்தில் தன் பெயரை ஊரெங்கும் எழுதிக்கொள்ள முடிகிறவரோடு, துண்டறிக்கையை மட்டும் நம்பி வரும் புதியவர் எப்படிப் போட்டியிட முடியும்? ஆட்சியில் இருப்பவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் மாற்றிவிடுவதுதான் இதற்கு ஒரே மருந்து என்கிறார்கள் என் நண்பர்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் ஊர்க் குடிநீர் நிலையம்தான் நினைவுக்கு வந்தது. நான் பிறந்த ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதி என்பதால், என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை உண்டு. அப்படிப்பட்ட ஊரில், நாணயம் போட்டால் குடம் நிறையும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் தொகுதி நிதியில் கட்டியபோது எல்லோரும் மனதார மகிழ்ந்தோம். இரண்டு கோடை ஓடியது. உள்ளே தண்ணீரை வடிகட்டும் சவ்வை மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, அதற்குப் பணம் எந்தக் கணக்கில் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்று நாணயத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, குழாயின் வாய் உப்புப் பூத்து அடைந்துவிட்டது. முகப்புக் கல்வெட்டு மட்டும் எழுத்து மங்காமல் இருக்கிறது.

வீண்செலவு என்றால் நாம் பெரும்பாலும் ஊழலையே நினைக்கிறோம். எங்கள் ஊர் நிலையத்தில் யாரும் பணம் எடுத்ததாக நான் நினைக்கவில்லை. அது வீணானதற்குக் காரணம், தொகுதி மேம்பாட்டு நிதி புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கே பெரிதும் வடிவமைக்கப்பட்டிருப்பதுதான். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான திட்டம் 1993-இல் தொடங்கியது. 2011-12 முதல் அது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி. பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் கொடுத்து வேலையை நடத்துகிறது. கட்டி முடித்த பிறகு மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் ஊராட்சியின் தலையில் விழுகின்றன. உயர்கோபுர விளக்கை நிறுத்தியவருக்குப் பெயர் கிடைக்கிறது. அது எரிவதற்கு மாதாமாதம் பணம் கட்டும் ஊராட்சிக்கு எந்தப் பெயரும் இல்லை. சவ்வு மாற்றியதற்கு எவரும் கல்வெட்டு வைப்பதில்லை என்பதால், சவ்வு மாற்றப்படுவதும் இல்லை.

பதவியில் இருப்பதன் சாதகம் தொடங்கும் இடமும் இதுவே. சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது 2022 முதல் உள்ள வரம்பு. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முழுவதும் நிதி வந்தால், பதவியில் இருப்பவரின் பரிந்துரையில் நடக்கும் வேலைகளின் மதிப்பு 15 கோடி. அதில் எழுதப்படும் பெயர் எதுவும் தேர்தல் கணக்கில் சேராது. இந்தத் திட்டம் போட்டியாளருக்கு அநீதி இழைக்கிறது என்ற வாதத்தையும் கேட்டுத்தான், 2010-இல் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்ற உறுப்பினர் நிதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். உங்கள் ஊர்ப் புதியவருக்கு அதனால் எந்த ஆறுதலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தச் சாதகம் வெல்ல முடியாதது என்று நீங்கள் நினைத்தால், நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வரலாறே அதை மறுக்கிறது. 1996-இல் முதலமைச்சர் பதவியில் இருந்துகொண்டே ஜெயலலிதா தோற்றது உங்கள் மாவட்டத்துப் பர்கூர் தொகுதியில்தான். 2010 மார்ச்சில் பென்னாகரம் இடைத்தேர்தலில் ஆளும் தி.மு.க. வென்றது, அ.தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போய் வைப்புத்தொகையை இழந்தது. அடுத்த ஆண்டே பொதுத்தேர்தலில் அதே பென்னாகரத்தை அ.தி.மு.க. அணியில் நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. இடையில் மக்கள் மாறிவிடவில்லை. இடைத்தேர்தலில் ஆட்சியின் முழு எடையும் ஒரே தொகுதியின் மேல் இறங்குகிறது. பொதுத்தேர்தலில் அதே எடை 234 தொகுதிகளுக்குப் பிரிந்துவிடுகிறது. பென்னாகரத்து முடிவுகளை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் மருந்தைத் தமிழ்நாடு ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறது. 1996, 2001, 2006, 2011 என நான்கு பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து ஆட்சியை மாற்றினோம். 2016-இல் ஒருமுறை நிறுத்தி, 2021-இல் மறுபடி மாற்றினோம். வீண்செலவு குறைந்ததா? ஐந்தாண்டில் போய்விடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர், ஐந்தாண்டுக்குள் திறந்துவைக்க முடிந்ததை மட்டுமே கட்டுவார். முன்னவர் தொடங்கியதை முடித்துக் கொடுத்தால் பெயர் முன்னவருக்குப் போகும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் ஊரின் இரண்டாவது நிழற்குடைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆளை மாற்றும் உரிமை நமக்கு மிக அவசியமானது, அதை ஒருபோதும் கைவிடக் கூடாது. ஆனால் அந்த உரிமையால் பழைய நிழற்குடையின் கூரையைச் செப்பனிட முடியாது.

இதற்கு மாறான இரண்டு நிகழ்வுகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை நடந்தபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013-இல் ஜெயலலிதா திறந்துவைத்தார். ஜப்பானியக் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் நிறைவேறிய அந்தத் திட்டத்தை, ஆட்சி மாறியதற்காக யாரும் கைவிடவில்லை. காவிரித் தண்ணீர் நம் இரு மாவட்டங்களுக்கும் வந்தது. இரண்டாவது, 2021-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, முந்தைய முதலமைச்சர்களின் படம் அச்சிட்ட ஏறத்தாழ 65 லட்சம் பள்ளிப் பைகளை அப்படியே மாணவர்களுக்குக் கொடுக்க முடிவெடுத்தது. அதனால் மிச்சமான பணம் சுமார் 13 கோடி. படத்தை மாற்றுவதற்கு மட்டுமே ஆகியிருக்கக்கூடிய செலவு அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

விதிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோர் படம் மட்டுமே இருக்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலங்கள் முறையிட்டதால், மறு ஆண்டே முதலமைச்சர், ஆளுநர், அமைச்சர்கள் படங்களுக்கும் இடம் கொடுத்தது. தேர்தல் நடத்தை விதிகள் அடிக்கல் நாட்டுவதையும் புதிய நிதி ஒதுக்கீட்டையும் அரசு செலவில் விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றன, ஆனால் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பிறகுதான். அதற்கு முந்தைய மாதங்களில் நம் சாலைகளில் எத்தனை அடிக்கற்கள் முளைக்கின்றன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால், அரசுப் பணத்தில் கட்டும் எதிலும் பதவியில் இருப்பவர் பெயரே கூடாது. திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, பராமரிக்க வேண்டியவர் யார் என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும்.

அந்த விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு அனுப்புங்கள். இரண்டு நிழற்குடைகளின் மதிப்பீடு, ஒப்புதல் ஆணை, இரண்டாவது தேவை என்று பதிவான காரணம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். எனக்கு முதல் மனுவுக்குப் பதிலே வரவில்லை, மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் தாள்கள் வந்தன. ஆகவே நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிராமசபைக்குப் போங்கள். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்கும்போது பராமரிப்புக்கு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். நான் கேட்ட அன்று கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. ஆனால் வெளியே வந்ததும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தண்ணி மிசினு மறுபடி ஓடுமா சாமி?" என்று கேட்டார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சவ்வு மாற்ற ஆகும் செலவை ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த கிராமசபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்கப் போகிறேன். உங்கள் மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்