சாறு + பதம் = சர்பத்தா?

அன்புள்ள ஐயா,

‘சாறு’, ‘பதம்’ இரண்டும் சேர்ந்துதான் ‘சர்பத்’ ஆனது, அரபிகள் அதை நம்மிடமிருந்து கொண்டுபோனார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நன்னாரி நம் மண்ணில் விளைவது என்பதால் எனக்கும் சரியென்றே படுகிறது. உண்மையா? அப்படியே ஜிகர்தண்டாவுக்கும் பொருள் சொல்லுங்கள்.

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உண்மை இல்லை. சாறும் பதமும் தமிழில் சேர்ந்தால் ‘சாற்றுப்பதம்’ என்றுதான் வரும், சோற்றுப்பருக்கை, ஆற்றுமணல் மாதிரி. சொல்லை இரண்டாக வெட்டி நமக்குத் தோன்றுகிற பொருளை ஒட்டவைப்பது தமிழுக்குச் செய்யும் பெருமை அல்ல, இருக்கிற இலக்கணத்தையே மறந்துவிடுகிறோம்.

அரபியில் ‘ஷரிப’ என்றால் குடித்தான், ‘ஷர்பா’ என்றால் ஒரு மடக்கு. அந்தச் சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் கிடக்கும் ‘த்’ பாரசீகத்துக்குப் போனதும் வாய்விட்டு ஒலித்து ‘ஷர்பத்’ ஆனது. ‘வக்காலா’ நம் கோர்ட்டில் வக்காலத்து ஆனதும், ‘மரம்மா’ மராமத்து ஆனதும் இதே வழியில்தான்.

அதே வேரில் பிறந்ததுதான் ‘ஷராப்’. அரபியில் குடிக்கிற எதற்கும் பொதுப்பெயர், பாரசீகத்திலும் உருதுவிலும் மதுவுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. நம்மிடமும் இது உண்டு: மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்தால் எதைக் கேட்கிறார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

அப்புறம், அரபு மருத்துவர்கள் பழச்சாற்றையும் மூலிகைச் சாற்றையும் சர்க்கரை சேர்த்துப் பாகாகக் காய்ச்சி மருந்தாகக் கொடுத்தார்கள். அந்த ‘ஷராப்’ லத்தீனில் ‘சிருபஸ்’ ஆகி, ஐரோப்பாவைச் சுற்றி ஆங்கிலம் வழியாக நம் வீட்டு இருமல் சிரப்பாக வந்து சேர்ந்தது. ஆக, கடைக்காரர் எலுமிச்சையைப் பிழிந்து, ஐஸ் போட்டு, நன்னாரி சிரப் ஊற்றி சர்பத் கலக்குகிறாரே, அந்த ஒரு டம்ளரில் சிரப், சர்பத் இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள்.

நன்னாரி நம்முடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். வேரைத் தட்டி நடுக்கட்டையை எடுத்துப்போட்டு, தோலை மட்டும் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் சர்க்கரை போட்டுக் காய்ச்சுகிற பக்குவம் நம் வீடுகளில் இருக்கிறது. பெயர் வெளியிலிருந்து வந்ததால் அந்த வாசனை குறைந்துவிடாது.

ஜிகர்தண்டா: ‘ஜிகர்’ பாரசீகம், ஈரல், ‘தண்டா’ இந்துஸ்தானி, குளிர்ச்சி. ஈரக்குலையைக் குளிரவைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.