கிழங்கில் ஓட்டை விழுந்த பிறகு குருணை மருந்து எதற்கு?

கேள்வி: அரை ஏக்கரில் சர்க்கரைவள்ளி நட்டு 100 நாள் ஆகிறது. இரண்டு பாரில் (கொடி நட்ட மண்மேட்டு வரிசையில்) தோண்டிப் பார்த்தேன். பாதிக் கிழங்கில் சின்னச் சின்ன ஓட்டை, உள்ளே வெள்ளைப் புழு, வெட்டினால் ஒரு மாதிரி நாற்றம். மருந்துக் கடையில் குருணை போட்டுத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். எத்தனை கிலோ போடலாம்?

பதில்: ஒரு கிலோவும் வேண்டாம். அது கூன்வண்டின் புழு. கிழங்குக்குள் உட்கார்ந்து குடைகிற புழுவுக்கு மண்ணில் போடும் குருணை கொல்லும் அளவுக்குப் போய்ச் சேராது, ஆனால் நீங்கள் தோண்டி விற்கப்போகும் கிழங்கில் நஞ்சு தங்கும். என்ன பூச்சி என்றுகூடக் கேட்காமல் பையைத் தூக்கிக் கொடுத்தவரிடம், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு மருந்தை நிறுத்த வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார். கிழங்கு தேறியிருந்தால் இந்த வாரமே தோண்டிவிடுங்கள். விலை ஏறட்டும் என்று மண்ணில் விட்டுவைத்தால் ஓட்டைதான் ஏறும்.

வண்டு கிழங்கு வரை எப்படிப் போனது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? அதற்கு மண்ணைத் தோண்டிக்கொண்டு போகத் தெரியாது. கருநீலத் தலையும் சிவந்த கழுத்துமாக, பார்த்தால் எறும்பு மாதிரி இருக்கும். பார்மேல் நடந்துபோய், வெடிப்பு கிடைத்தால் இறங்கி, கிழங்குத் தோலைக் கடித்துக் குழியாக்கி முட்டை வைக்கும். உங்கள் பாரில் வெடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள், கிழங்கு தட்டுப்பட்டால் வண்டுக்கும் தட்டுப்பட்டிருக்கும். முதல் களை எடுக்கும்போது மண் அணைத்ததோடு சரி என்று பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது ஆகவே ஆகாது. கிழங்கு பருக்கும்போதுதானே மண் பிளக்கிறது? அப்போதுதான் அணைக்க வேண்டும். வெடிப்பு கண்ட இடத்திலெல்லாம் இரண்டு பக்கமும் மண்ணை இழுத்துப் போட்டு அழுத்திவிடுங்கள், பார் காய்ந்து வெடிக்கும் வரை தண்ணீரைத் தள்ளிப்போடாதீர்கள். கொடி மூடிவிட்டது, மிதிபடுமே என்பார்கள். படட்டும், நாலு கொடி போனால் போகிறது.

அடுத்த நடவுக்கு இந்த வயல் கொடி வேண்டாம், அடித்தண்டிலும் வண்டு முட்டை வைத்திருக்கும். வண்டு இல்லாத வயலிலிருந்து நுனிக்கொடியாக, 25 முதல் 30 சென்டிமீட்டருக்கு வெட்டி வாருங்கள். அப்புறம் இதே மண்ணில் உடனே சர்க்கரைவள்ளி போடாதீர்கள், பக்கத்து வயலிலும் வேண்டாம். பெண் வண்டின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம், ஆனால் அதில் விழுவது ஆண் வண்டு மட்டும்தான், பொறி நிறைந்துவிட்டதென்று மண் அணைப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

கழித்த கிழங்கை வரப்பில் குவிக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். புழு குடைந்து கசப்பேறிய கிழங்கு நஞ்சு, அதில் பூசணமும் பிடித்திருந்தால் மாட்டின் நுரையீரலையே கெடுத்துவிடும். கொடி, தூர், விட்டுப்போன துண்டுக் கிழங்கு எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்து எரித்துவிடுங்கள், இல்லையென்றால் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.