ஓடாத பேலியோவா, ஓடுகிற சிட்டியா?

கேள்வி: எனக்கு வயது 25. ஊர் தக்கலை பக்கம், வேலை நாகர்கோவிலில். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி என் கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மூன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பூவாறில் சிவப்பு நிற ஃபியட் பேலியோ 1.6 ஒன்று இருக்கிறது. கே.எல். பதிவு. மூன்று வருடமாக ஓலைக் கொட்டகையில் ஓடாமல் நிற்கிறது. 90,000 கேட்கிறார்கள். ‘பேட்டரி போட்டால் ஓடும்’ என்கிறார் புரோக்கர். நாகர்கோவிலிலேயே 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று ஓடுகிற நிலையில் 2,10,000-க்கு வருகிறது. மனசு பேலியோவில் நிற்கிறது. அப்பாவோ இரண்டும் வேண்டாம், அந்தப் பணத்தைப் புது காருக்கு முன்பணமாகக் கட்டு என்கிறார். என்ன செய்யட்டும், அண்ணா?

பதில்: சிட்டியை வாங்குங்கள், தம்பி.

பேலியோ மட்டமான வண்டி என்று சொல்லவில்லை. 2001-ல் அது வந்தபோது அவ்வளவு சின்ன காரில் 100 பி.எச்.பி. (குதிரைத்திறன்) என்பது நம் நாட்டில் பெரிய விஷயம். சச்சின் விளம்பரத்தில் வந்தார் என்பதற்காக மட்டும் ஆட்கள் அதை வாங்கவில்லை. அதன் ஸ்டியரிங்கின் கனமும், வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிற விதமும் இன்றும் பேச வைக்கின்றன. உங்கள் மனசு அங்கே போனதில் தப்பே இல்லை. ஆனால் அது நிற்கிற இடம் பூவாறு. நெய்யாறு கடலில் சேருகிற ஊர். மூன்று வருட உப்புக்காற்று, ஜூன் தொடங்கி ஒரு மழை, அக்டோபரில் அடுத்த மழை, கீழே மண் தரை. அந்த வண்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்காமலே பாதி சொல்லிவிடலாம்.

எஞ்சின் போனால் இறக்கி வேலை பார்த்துத் தர மார்த்தாண்டத்திலும் வடசேரியிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிஸ்டன் ரிங் மாற்றலாம், ஹெட்டைக் கழற்றி வால்வு உட்கார வைக்கலாம். அரித்துப்போன தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பது வேறு சங்கதி. அது முடிவில்லாமல் பணம் தின்னும். சஸ்பென்ஷன் தாங்குகிற இடம் அரித்திருந்தால், சரிசெய்த பிறகும் நம்பி ஓட்ட முடியாது. முதல் புராஜெக்ட் கார், அதாவது தானே சரிசெய்து ஓட்டப் பழைய கார் எடுப்பவர் வாங்க வேண்டியது நல்ல தகரத்தை.

நாகர்கோவிலும் கடலுக்குத் தூரமில்லை. அதனால் சிட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட வேண்டாம். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வையுங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பின்சக்கர வளைவின் உள்மடிப்பு, கதவின் கீழ் ஓரம், பேட்டரித் தட்டு, ஜாக்கி வைக்கிற இடம், இந்த நான்கிலும்தான் துரு முதலில் தலைகாட்டும். அதிலும் பின்சக்கர வளைவு அந்தக் காலத்துச் சிட்டிகளின் பலவீனமான இடம். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகரத்தில் ஒட்டும், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. கீழே படுத்துப் பார்க்கும்போது கறுப்பாகப் புது அண்டர்கோட்டிங் (துருத் தடுப்புப் பூச்சு) மினுங்கினால் சந்தேகப்படுங்கள். விற்கப்போகிற சமயத்தில் யாரும் காரணமில்லாமல் அதை அடிப்பதில்லை. ஸ்க்ரூடிரைவரால் மெல்ல அழுத்திப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

எஞ்சினைப் பொறுத்தவரை, நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து, ஆயில் மூடியின் உள்ளே மோர் மாதிரி படிந்திருந்தால் எஞ்சினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சின் வேகத்துக்கேற்ப வால்வு திறக்கும் அளவை மாற்றுகிற அந்த விடெக் அமைப்பு ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே ஆயில் அளவு காட்டுகிற டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாலே பழைய ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். கூலி கொடுத்தாவது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும்.

‘பேட்டரி போட்டால் ஓடும்’ என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். அவ்வளவுதான் குறை என்றால் அவர்களே பேட்டரி போட்டு, ஓட்டிக் காட்டி, இன்னும் கூடுதலாக விலை கேட்டிருப்பார்கள். மூன்று வருடம் நின்ற வண்டியில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகி இன்ஜெக்டரை அடைத்திருக்கும். டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கலாம், பிரேக் பிஸ்டன் இறுகியிருக்கும், ஒயரை எலி கடித்திருக்கும். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது, எது எதனால் என்று புதிதாக வேலை பழகுகிற ஒருவருக்குப் பிடிபடாது. ஓடுகிற வண்டியில் ஒன்றைச் சரிசெய்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அப்படித்தான் கை பழகும். பல பேருடைய புராஜெக்ட் கார்கள் கழற்றிய நிலையிலேயே, பாகங்கள் அட்டைப் பெட்டியில் கிடக்க, அப்படியே இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன. உங்களுக்கு அது வரக் கூடாது.

பேப்பரிலும் ஓடாத வண்டி கையைக் கடிக்கும். 15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பேலியோவின் ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் முதலில் கேரளத்தில் புதுப்பித்து, அங்கே படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, பிறகு இங்கே வரி கட்டி டி.என். எண் வாங்க வேண்டும். நகராத வண்டியை வைத்துக்கொண்டு இதில் எதைச் செய்வது? சிட்டிக்குப் படிவம் 29, 30 போதும். 2022-ல் புதுப்பித்திருந்தால் 2027-ல் மறுபடி புதுப்பிக்க வேண்டும், அதையும் விலை பேசும்போது சொல்லிக் குறையுங்கள். ஆர்.சி.யில் பேங்க் லோன் பதிவு நிற்கிறதா, சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று நேரில் பாருங்கள். வேறு பெரிய எஞ்சின் மாற்றிப் போட்ட வண்டி பக்கமே போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

சரி, பணம். 2,10,000 கேட்கிறார் என்றால் 1,80,000-இல் பேச்சை ஆரம்பியுங்கள். மீதியைத் தொடாமல் வையுங்கள், முதல் வருடம் அது தேவைப்படும். வால்வுகளை எஞ்சினோடு சேர்த்து ஓட்டுகிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு வாட்டர் பம்புடன் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்து செலவு பல மடங்காகும். அடுத்து பிரேக், டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் வரிகள்) எவ்வளவு இருந்தாலும் வயதான டயர் மழையில் பிடிக்காது. அப்புறம் பெட்ரோல் ஓஸ்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2002-ன் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் தாங்கும் ஓஸாக மாற்றுங்கள். பெயின்ட் கடைசி வேலை. அதையும் மாசி, பங்குனியில் வையுங்கள், காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்த பெயின்ட் பூத்துப்போகும்.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். மற்ற எந்தக் கருவியும் வாங்கும் முன் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற இரண்டு நல்ல ஸ்டாண்ட் வாங்குங்கள். முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும்.

அப்பா சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. 20 வருடம் தாண்டிய வண்டி காலையில் வேலைக்குப் போக ஏற்றதல்ல. ஆகவே இப்போது ஓட்டுகிற பைக்கையோ ஸ்கூட்டரையோ விற்காதீர்கள். கடன் வாங்காமல், சேமித்த பணத்தில், வேலைக்குப் போக வேறு வண்டி வைத்துக்கொண்டு வாங்குகிறேன் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். விற்பவரிடம் நீங்கள் கேட்கத் தயங்குகிற கேள்விகளை அவர் கேட்டுவிடுவார்.

பேலியோ ஆசை தீரவில்லை என்றால் இரண்டு வருடம் கழித்து மதுரை, கோவை, சேலம் என்று உலர்ந்த ஊர்களில் ஓடுகிற வண்டியாகத் தேடுங்கள்.

சிட்டி கைக்கு வந்ததும் ரெவ் ஏற்றிப் பார்க்கத் துடிப்பீர்கள். அந்த எஞ்சினே அதற்காகச் செய்ததுதான். ஆனால் காவல்கிணறு ரோட்டில் வேண்டாம். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொதுமக்கள் ஓட்டலாம் என்று திறந்துவிடுகிற நாளாக விசாரித்துப் போங்கள். போவதற்கு முன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூடேறினால் பெடல் அப்படியே கீழே போய்விடும்.