ஒரே புண்ணில் இரண்டு கிருமிகள்

வணக்கம். சர்க்கரை நோயாளியான என் தந்தையின் கால் புண்ணிலிருந்து சீழ் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனைக்கு) கொடுத்தோம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் என இரண்டு கிருமிகள் இருப்பதாகவும், இரண்டுமே ஜென்டாமைசினுக்குக் கட்டுப்படும் என்றும் அறிக்கை வந்தது. அந்த மருந்து போட்டும் புண் ஆறவில்லை. பரிசோதனை தவறா, இல்லை, கிருமிகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்கின்றனவா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பரிசோதனை தவறாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் ஒவ்வொரு கிருமியையும் பிரித்து வளர்த்து, தனித்தனியாகவே மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்; புண்ணிலோ அவை சேர்ந்தே வாழ்கின்றன. இந்த வேறுபாட்டை நோயாளியின் வீட்டாருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆனால் இதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டஃபைலோகாக்கஸின் செல்சுவரை அறுக்கும் நொதியைச் சுரக்கிறது. உடைந்த செல்களிலிருந்து இரும்பையும் எடுத்துக்கொள்கிறது. அத்துடன் அது வெளியிடும் எச்கியூஎன்ஓ என்னும் வேதிப்பொருள் ஸ்டஃபைலோகாக்கஸின் சுவாசத்தைத் தடுக்கிறது. மூச்சு அடைபட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் உடனே செத்துவிடுவதில்லை. ஆக்சிஜன் இல்லாமலே நடக்கும் நொதித்தலால் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு மெல்ல வளர்ந்து உயிரைப் பிடித்துக்கொள்கிறது. ஜென்டாமைசின், டோப்ராமைசின் போன்ற மருந்துகள் செல்லுக்குள் நுழைவதற்கு, சுவாசத்தால் அதன் சவ்வில் உண்டாகும் மின்னழுத்தம் தேவை. சுவாசம் தடைபட்டால் அந்த அழுத்தம் தாழ்ந்து, மருந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது. எதிரி செய்த கேடே மருந்திலிருந்து காப்பாக அமைந்துவிடுகிறது.

இந்த நிலை நீடித்தால், சிறு கூட்டத் திரிபுகள் எனப்படும் மெதுவாக வளரும் வகைகள் பெருகுகின்றன என்பதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வழக்கமான ஸ்டஃபைலோகாக்கஸ், ஆய்வகத்தில் கிருமிகளை வளர்க்கும் அகார் தட்டில் ஒரே நாளில் கடுகைவிடப் பெரிய, பொன்மஞ்சள் நிறப் பொட்டுகளாக எழும்பி நிற்கும். இந்தத் திரிபுகளோ இரண்டு மூன்று நாள் கழித்தும் ஊசிமுனைப் புள்ளிகளாக, நிறம் வெளிறிக் கிடக்கும். மறுநாளே தட்டை எடுத்துவைத்துவிட்டால் கண்ணில் படாமலே போகும்.

எல்லாச் சூடோமோனாஸும் இப்படி நடந்துகொள்வதில்லை. சில வகைகள் சுரக்கும் ராம்னோலிப்பிட் என்னும் வேதிப்பொருள், இதே மருந்துகள் ஸ்டஃபைலோகாக்கஸுக்குள் நுழைவதை எளிதாக்குகிறது. ஆகவே, இந்த இரண்டின் பெயர்களையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில் மருந்து பலிக்காது என்று முடிவு கட்டக் கூடாது.

தங்கள் தந்தையின் புண் ஆறாததற்குக் காலில் இரத்த ஓட்டக் குறைவோ, எலும்பு வரை பரவிய தொற்றோ, அகற்றப்படாத அழுகிய திசுவோகூடக் காரணமாக இருக்கலாம். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியவை இவையே. மறுபடியும் கல்ச்சர் எடுப்பதானால், மேற்பரப்புச் சீழை விட்டு, புண்ணைச் சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து திசு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நாட்பட்ட புண்களில் சூடோமோனாஸ் ஆழத்திலும் ஸ்டஃபைலோகாக்கஸ் மேற்பரப்பை ஒட்டியும் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். தட்டுகளைக் கூடுதலாக இரண்டு நாள் வைத்துப் பார்க்கும்படி ஆய்வகத்தாரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.