வாசகர் கேள்வி – பதில்: ஒரே கோப்பில் 6,000 வரிகள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு மொத்த விற்பனை நிலையத்தின் பற்றுச்சீட்டு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். எனக்கு முன்னர் பணியாற்றிய மூவர் பைதன் மொழியில் எழுதிச் சேர்த்த செய்நிரல், 6,000 வரிகளுக்கு மேல் ஒரே கோப்பில் இருக்கிறது. வாசித்து விளங்கிக்கொள்ள முடியவில்லை. புதிதாகவே எழுதிவிடலாமா?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: புதிதாக எழுத வேண்டாம்; இருப்பதையே படிப்படியாகச் சிறு கோப்புகளாகப் பிரியுங்கள். கடன் வாடிக்கையாளர், திரும்பி வந்த பொருள், அரை மூடை விலை எனக் கடையில் நேர்ந்த ஒவ்வொரு விதிவிலக்கையும் எவரோ ஒருவர் அக்கோப்புக்குள் ஒரு நிபந்தனையாக எழுதி வைத்திருப்பார். அவற்றுட் பல வேறெங்கும் பதிவாகியிருக்க மாட்டா.

எதையும் தொடுமுன், செய்நிரல் இன்று தரும் விடைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். கழிவு, திருப்பம், கடன் ஆகிய மூன்றும் இடம்பெறுமாறு பழைய பற்றுச்சீட்டுகளில் ஐம்பதைத் தெரிந்து, அவற்றின் தரவுகளை மீண்டும் உள்ளிட்டு, வெளியீட்டை ஒரு கோப்பில் வைத்திருந்து, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சாகும் திகதி நாளுக்கு நாள் மாறுமாதலால், ஒப்பிடும்போது அதனை ஒரே திகதியாக நிலைப்படுத்துங்கள். இடையில் வழு தென்பட்டால் குறித்து வையுங்கள், அன்றே திருத்தாதீர்கள். செய்நிரல் வரிகளின் இடமாற்றமும் வழுத் திருத்தமும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் (Git) வரலாற்றில் ஒரே பதிவாகக் கலந்துவிட்டால், விடை எதனால் மாறியது என்று பின்னர் பிரித்தறிவது மிகக் கடினம்.

எங்கே பிரிப்பது என்பதே முக்கியமான வினா. உள்ளீடு, கணிப்பு, அச்சு என்று இயங்கும் வரிசையிலேயே பலரும் பிரிக்கிறார்கள். அவ்வாறன்றி, மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒவ்வொரு கூறுக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்று கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972ஆம் ஆண்டிலேயே தமது கட்டுரையொன்றில் வாதிட்டார். நம் நாட்டில் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1ஆம் திகதி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தபோது, நான் பராமரித்த செய்நிரல் ஒன்றில் அவ்வீதம் பல இடங்களில் வெறும் எண்ணாகவே இருந்தது. தேடி மாற்றியபோது, 15 நாள் கடன் தவணையும் 18 நாளாகிவிட்டது. வீதம் ஓரிடத்தில், பெயருடன் இருந்திருந்தால் அது நேர்ந்திராது.

பைதனில் மற்றுமொரு பொறி உண்டு. கோப்பு முழுவதற்கும் பொதுவான மாறி (பெறுமானம் ஒன்றைத் தாங்கும் பெயர்) ஒன்றின் பெயரை மட்டும் வேறொரு கோப்புக்கு இறக்குமதி செய்தால், பின்னர் மூலக் கோப்பில் அம்மாறிக்குப் புதிய பெறுமானம் இடப்பட்டாலும், மற்றைய கோப்பு பழைய பெறுமானத்தையே காணும். பிழைச் செய்தி எதுவும் வராது, தொகைதான் தவறும். எனவே, பிரிப்பதற்கு முன்னரே அத்தகைய மாறிகளைச் சார்புகளுக்கு (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட செய்நிரல் பகுதிகளுக்கு) உள்ளீடாகக் கொடுக்கும் முறைக்கு மாற்றுங்கள். பெயர்களைத் திருத்துவதும் நீண்ட சார்புகளைச் சிறிதாக்குவதும் அதன் பின்னர் எளிதாகும்.

பொது மாறி எதனையும் நம்பியிராத சார்பொன்றை முதலில் வெளியே எடுங்கள். ரூபாத் தொகையை எழுத்தில் எழுதும் சார்பு உங்கள் கோப்பில் இருக்குமாயின், அதிலிருந்தே தொடங்கலாம்.